ரோபோ எந்த அளவுக்கு மாற்றத்துக்கு ஈடு கொடுக்கும்? அதை எப்படி அளக்கிறீர்கள்?

சிப்காட் வெல்டிங் (ராணிப்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் ப்ரொடக்ஷன் பார்க்கிறேன். இரண்டாவது வெல்டிங் ரோபோ எடுக்கலாமா என்று முதலாளி யோசிக்கிறார். கொட்டேஷன்கள் வந்துவிட்டன. எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ரிப்பீட்டபிலிட்டி: ±0.05 மில்லிமீட்டர், ±0.03 என்று. அப்புறம் கை எட்டும் தூரம் (ரீச்), தூக்கும் எடை, வேகம்.

எங்கள் சிக்கல் இதில் எதிலும் இல்லை. கார் கம்பெனி போல ஒரே பாகத்தை வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்கள் இல்லை நாங்கள். இன்றைக்குக் கொஞ்சம் பிராக்கெட், நாளைக்கு ஒரு ஃபிரேம், நடுவில் அவசரம் என்று ஒரு டக்ட் வேலை. இப்போது இருக்கும் ரோபோ ஓடும்போது அருமையாக ஓடுகிறது. ஜாப் மாறினால் நின்றுவிடுகிறது. பிளேட் கட்டிங் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நின்றுவிடுகிறது, அல்லது நிற்காமல் தப்பான இடத்தில் வெல்டு போட்டுவிடுகிறது.

சப்ளையரைக் கேட்டால் "ஃபுல்லி ஃப்ளெக்சிபிள் சார்" என்கிறார். எல்லா சப்ளையரும் இதையேதான் சொல்கிறார்கள். வார்த்தையாக வேண்டாம், எனக்கு எண்ணாக வேண்டும். மாற்றத்துக்கு ஈடு கொடுக்கும் திறனை அளக்க முறையான வழி ஏதாவது இருக்கிறதா? உங்கள் யூனிட்டில் எப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆற்காடு ப்ரோகிராமர்

அண்ணா, அந்த ±0.05 எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கும். அது ஐஎஸ்ஓ 9283 என்ற தரநிலையில் உள்ள சோதனை. ரோபோவின் வேலைப் பரப்புக்குள் ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதில் ஐந்து புள்ளிகளுக்கு ரோபோவை அனுப்புவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 30 முறை. ஒவ்வொரு முறையும் எங்கே போய் நின்றது என்று அளந்து, சராசரி விலகலோடு சிதறலின் மூன்று மடங்கைக் கூட்டினால் ரிப்பீட்டபிலிட்டி கிடைக்கும். அதாவது, ஒரே கட்டளையை ஒரே திசையிலிருந்து திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒரே இடத்துக்கு வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

சொன்ன இடத்துக்கே வருகிறதா என்பது வேறு அளவு. அதற்கு அக்யூரசி என்று பெயர், அதே தரநிலையில் உண்டு. கேட்டலாக்கில் பெரும்பாலும் அதைப் போட மாட்டார்கள், ஏனென்றால் ரிப்பீட்டபிலிட்டியைவிட அது பெரிய எண்ணாக வரும். பெண்டன்ட் என்ற கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியாக டீச் செய்கிறவருக்கு அது பெரிதாக உறைக்காது. கம்ப்யூட்டரில் ஆஃப்லைனாக ப்ரோகிராம் எழுதி நேராக ரோபோவுக்கு ஏற்றுகிறவருக்கு முதல் நாளே உறைக்கும். அடிக்கடி ஜாப் மாறும் இடத்தில் ஆஃப்லைன் ப்ரோகிராமிங்தான் வழி. அதனால் உங்களுக்கு அக்யூரசி எண் ரொம்ப முக்கியம், கட்டாயம் கேளுங்கள்.

எது எப்படியோ, இரண்டுமே எதுவும் மாறாத உலகத்தில் எடுக்கும் அளவுகள். மாறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தச் சோதனை வாய் திறப்பதே இல்லை.

தரக்கட்டுப்பாடு (மேல்விஷாரம்)

ஒரு சின்ன கணக்கு சேர்க்கிறேன். ஒரு மீட்டர் நீள இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு. நம் ஊர் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே காலை ஷிஃப்ட்டுக்கும் மதியம் இரண்டு மணிக்கும் 15 டிகிரி வித்தியாசம் வந்தால், பாகத்தைப் பிடித்து வைக்கும் ஒரு மீட்டர் இரும்பு ஃபிக்ஸரில் மட்டும் 0.18 மில்லிமீட்டர் போய்விட்டது. கேட்டலாக் பெருமைப்படும் 0.05ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். மிக் வெல்டிங்குக்கு இது பெரிய விஷயமில்லை. அசெம்பிளி செய்கிறவர்களுக்கு, துளைக்குள் பின் இறக்குகிறவர்களுக்கு இதுவே ரிஜெக்ஷன். அதனால் எந்தச் சோதனை எடுத்தாலும் அக்னி நட்சத்திர மதியத்திலும் ஒரு முறை எடுங்கள்.

காட்பாடி ஆய்வு மாணவி

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் தரநிலை ஆய்வு செய்யும் என்ஐஎஸ்டி நிறுவனம் நேரடியாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது. ஆய்வுக்காக அவர்கள் எழுதியவற்றைப் படித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ரோபோ எவ்வளவு துல்லியம்" என்பதை விட்டுவிட்டு, அவர்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். வேலை நடுவில் ஏதாவது தவறினால் ரோபோ அதைத் தானே கண்டுபிடிக்கிறதா? கண்டுபிடித்தால் மனிதர் வராமல் மீள்கிறதா? வேறு பாகம் வேண்டும் என்று ஆர்டர் மாறினால் திட்டத்தை மாற்றிக்கொள்கிறதா? ஒரு கம்பெனி ரோபோவை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் ப்ரோகிராமை முதலிலிருந்து எழுத வேண்டுமா?

இதைச் சோதிக்க 2017இல் ஏரியாக் என்று ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கஸீபோ சிமுலேட்டரில் நடப்பது. ரோபோ பாகங்களைப் பொறுக்கி ட்ரேயில் அடுக்க வேண்டும். அழகே அதில் வேண்டுமென்றே செய்யும் இடைஞ்சல்களில்தான் இருக்கிறது. கையில் பிடித்த பாகம் நழுவிக் கீழே விழும்படி செய்வார்கள். பழுதான பாகத்தை நடுவில் கலந்து வைப்பார்கள். சென்சார்களைச் சிறிது நேரம் அணைத்துவிடுவார்கள். ஒரு ஆர்டர் பாதி நடக்கும்போது அதைவிட அவசரமான இன்னொன்றை அனுப்புவார்கள். இதில் எத்தனையைச் சமாளித்து வேலையை முடித்தது, எவ்வளவு நேரத்தில் முடித்தது என்று மதிப்பெண். எத்தனை சென்சார் வைத்தார்கள், அவற்றுக்கு என்ன செலவு என்பதும் மதிப்பெண்ணில் சேரும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இந்தச் செலவுக் கணக்குதான். காசை அள்ளிக் கொட்டினால் எதையும் சமாளிக்கலாம், குறைந்த செலவில் சமாளிப்பதுதான் திறமை.

நிஜ ரோபோவுக்கு அவர்களே டாஸ்க் போர்டு என்று பலகைகள் வடிவமைத்தார்கள். பின் சொருகுவது, பல்சக்கரம் மாட்டுவது, நட் முடுக்குவது, கனெக்டர் இணைப்பது, பெல்ட் மாட்டுவது எல்லாம் அதில் இருக்கும். 2018இல் டோக்கியோவில் நடந்த உலக ரோபோ போட்டியின் அசெம்பிளிப் பிரிவிலும் டாஸ்க் போர்டு ஒரு சுற்றாக இருந்தது. அங்கே இன்னொரு சுற்றில் முன்கூட்டித் தெரியாத பாகங்களையும் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். உங்கள் கேள்விக்கு ரொம்பக் கிட்டே வருவது அந்தச் சுற்றுதான் என்று நினைக்கிறேன் சார்.

வாலாஜா பட்டறை

தங்கச்சி சொன்னதெல்லாம் நல்ல தகவல். ஆனால் போட்டி வேறு, பட்டறை வேறு. எங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மாதத்துக்கு ஒரே பாகம் லட்சக் கணக்கில் போகிறது என்றால் எனக்கு ஈடு கொடுக்கும் திறனே வேண்டாம். ஒரே வேலைக்கென்று செய்த எஸ்பிஎம் மெஷின் ஒன்று போட்டால் ரோபோவைவிட வேகமாக, மலிவாக அடித்துத் தள்ளும். எல்லாவற்றையும் செய்யும் ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரே வேலையைச் செய்ய விடுவதும் நஷ்டம்தானே.

இந்தியாவில் 2023இல் மட்டும் 8,510 ரோபோ நிறுவினார்கள் என்று உலக ரோபோ கூட்டமைப்பு கணக்கு சொன்னது. அதில் கார் தொழில்தான் முதலிடம். அவர்களுக்காகச் செய்து, அவர்களுக்காகச் சோதித்த சாமானைத்தான் நம்மைப் போன்ற சின்ன யூனிட்டுக்கும் விற்கிறார்கள்.

ஆம்பூர் லைன்

ஷூ பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் சோல் ஒட்டுவதற்கு முன் பசை தெளிக்க, ஷூவின் மேல் பகுதியான அப்பரின் ஓரத்தைச் சொரசொரப்பாக்கும் ரஃபிங் செய்ய ரோபோ வைக்கலாம் என்று பேச்சு அடிக்கடி வரும். எங்களுக்கு வரும் மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

முதல் வகை, தெரிந்த மாற்றம். ஸ்டைல் மாறும், சைஸ் மாறும், இடது வலது மாறும். 39 முடிந்தால் 40. இதெல்லாம் முன்கூட்டியே தெரியும், ஷூவை இழுத்து ஒட்டும் கால் அச்சான லாஸ்ட்டின் வடிவம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ப்ரோகிராமையும் முன்னாலேயே தயார் செய்யலாம். இதற்கு ரோபோ ஈடு கொடுக்கும்.

இரண்டாவது வகைதான் ஆளைக் கொல்வது. தோல். ஒரே தோலில் முதுகுப் பக்கம் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி. வயிற்றுப் பக்கம் அதிகமாக இழுபடும். ஒரே கட்டிங் டையில் வெட்டி, ஒரே லாஸ்ட்டில் இழுத்து ஒட்டின இரண்டு அப்பரில் ஓரக் கோடு ஒரே இடத்தில் விழாது. கையால் பசை தடவும் அக்கா அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்து பிரஷ்ஷை நகர்த்துவார். கோட்டுக்கு மேலே பசை ஏறினால் அப்பரில் கறை, கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் சோல் வாய் பிளக்கும். ரோபோ போன ஜோடிக்குப் போன பாதையிலேயே போகும், பார்த்துப் போக கேமராவோ லேசரோ இருந்தால் ஒழிய.

அதனால் சோதனையும் இரண்டாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு ஜாபிலிருந்து இன்னொரு ஜாபுக்கு எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்பது ஒன்று. ஒரே ஜாபுக்குள் பாகம் எவ்வளவு முன்னே பின்னே இருந்தாலும் தாங்குகிறது என்பது இன்னொன்று. சப்ளையர் டெமோவுக்கு எப்போதும் நல்ல தோலைத்தான் கேட்டு வாங்குவார்கள். வயிற்றுப் பக்கத் துண்டை வெட்டிக் கொடுங்கள்.

ஆற்காடு ப்ரோகிராமர்

ஆம்பூர் அண்ணன் சொன்னது வெல்டிங்குக்கும் அப்படியே பொருந்தும். ஜாயின்ட்டில் கேப் ஒரு மில்லி இருக்கும் பீஸுக்கு டீச் செய்துவிட்டு மூன்று மில்லி கேப் வந்தால் வெல்டு உள்ளே விழும், ஓட்டை போகும். பிளேட் பக்கவாட்டில் தள்ளி நின்றால் வெல்டு ஒரே பக்கத்தைப் பிடிக்கும். வயரால் தொட்டுப் பார்த்துத் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் டச் சென்சிங், ஆர்க் ஓடும்போதே கரன்ட் ஏறி இறங்குவதைப் பார்த்து நடுக்கோட்டைப் பிடிக்கும் சீம் ட்ராக்கிங் இரண்டும் இதற்காக வந்தவைதான். டச் சென்சிங் சைக்கிள் டைமைத் தின்னும். ஆர்க் ட்ராக்கிங் மெல்லிய தகட்டில் சரியாக வேலை செய்யாது. கொட்டேஷனில் ஆப்ஷன் என்று போட்டிருப்பார்கள், அதையும் சேர்த்து விலை பாருங்கள்.

காட்பாடி ஆய்வு மாணவி

எத்தனை முறை சோதிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டெமோவில் பத்து பீஸ் போட்டுக் காட்டி "ஒன்றுகூடத் தப்பவில்லை" என்பார்கள். தோல்வியே இல்லாமல் 30 முறை ஓடினாலும், உண்மையான தோல்வி விகிதம் 10 சதவீதம் வரை இருக்க இன்னும் இடமுண்டு. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டும் என்றால் கணக்கு சுலபம்: மூன்றை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். தோல்வி 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல 300 முறை தப்பாமல் ஓட வேண்டும். பத்து பீஸ் டெமோ ஏறக்குறைய ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

சிப்காட் வெல்டிங் (ராணிப்பேட்டை)

எல்லோருக்கும் நன்றி. படித்தவுடன் இருக்கும் ரோபோவிலேயே முயன்று பார்த்தோம். பழைய ஜாபின் கடைசி நல்ல பீஸ் கையில் வந்ததிலிருந்து புது ஜாபின் முதல் நல்ல பீஸ் க்யூசி ஓகே ஆகும்வரை ஒரு பையனை நிற்க வைத்து, என்ன நடக்கிறது என்று நேரத்தோடு எழுதச் சொன்னோம்.

எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபோது ரோபோ மேல் இருந்த கோபம் இடம் மாறிவிட்டது. ப்ரோகிராமை மெமரியிலிருந்து எடுப்பது சில நொடி. ஃபிக்ஸரைத் தேட ஸ்டோருக்குப் போனது, கிரேன் ஷெட்டின் வேறு பகுதியில் மாட்டிக்கொண்டிருந்தது, ஃபிக்ஸரின் லொகேட்டிங் பின் தேய்ந்திருந்ததால் ஒரு பக்கம் மெல்லிய தகடு (ஷிம்) வைத்தது, அதனால் எல்லாப் புள்ளியும் நகர்ந்து, அவற்றைத் திரும்பச் சரிசெய்து டச் அப் செய்ய வேண்டி வந்தது, டச் அப் செய்யத் தெரிந்தவர் செகண்ட் ஷிஃப்ட்டில் இருந்தது. நேரம் முழுக்க இதில்தான் போயிருக்கிறது. ரோபோ காத்துக்கொண்டு நின்றது.

அப்படியானால் நான் அளக்க வேண்டியது ரோபோவையா, ஃபிக்ஸர், ஆள் என்று அதைச் சுற்றி இருக்கும் எல்லாம் சேர்ந்த மொத்த செல்லையா?

வாலாஜா பட்டறை

செல்லைத்தான். ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகியோ ஷிங்கோ ப்ரெஸ் ஷாப்பில் டை மாற்றும் நேரத்தை ஒற்றை இலக்க நிமிடத்துக்குக் கொண்டுவரச் சொன்னதும் இதுதான். மெஷின் நிற்கும்போது மட்டும் செய்ய முடிகிற வேலை எது, மெஷின் ஓடும்போதே வெளியில் செய்து வைக்கக் கூடிய வேலை எது என்று பிரி. ஃபிக்ஸர் தேடுவது, பின் சரிபார்ப்பது எல்லாம் வெளி வேலை. அதைப் பிரித்து வைத்த பிறகு மிஞ்சும் நேரம்தான் ரோபோவின் கணக்கில் வரும்.

தரக்கட்டுப்பாடு (மேல்விஷாரம்)

பாதுகாப்பையும் அந்த நேரத்தில் சேருங்கள். டார்ச்சை எடுத்துவிட்டு கிரிப்பர் மாட்டினால், அல்லது மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கோபாட்டை வேலி இல்லாமல் வைத்து அதன் வேகத்தை ஏற்றினால், ரிஸ்க் அசெஸ்மென்ட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலை அதைத்தான் எதிர்பார்க்கிறது. கோபாட் என்றால் எந்த வேலைக்கும் உடனே மாற்றலாம் என்று விற்கிறார்கள். கையில் கூர்மையான பாகத்தைப் பிடித்திருக்கும் கோபாட் பாதுகாப்பானது ஆகாது.

ரோபோ ஆபரேட்டர் (முகுந்தராயபுரம்)

சார் எல்லோருக்கும் வணக்கம். நான் மெஷினில் நிற்கிறவன். நீங்கள் எழுதும் கணக்கில் ஒன்று விட்டுப் போகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ரோபோ நிற்காமல் ஓடுகிறது என்று ஆபீசில் ரிப்போர்ட் போகும். ஓட வைப்பது யார்? பிளேட் வளைந்து வந்தால் கிளாம்ப் போடுவதற்கு முன் சுத்தியால் ரெண்டு தட்டு தட்டுகிறோம். கேப் பெரிதாக இருக்கிற பீஸை ரோபோவுக்குக் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஓய்வாக இருக்கும்போது கையால் வெல்டு அடிக்கிறோம். டார்ச் நாசிலில் தெறிக்கும் உலோகத் துளி (ஸ்பேட்டர்) சேர்ந்தால் சத்தத்திலேயே தெரியும், அலாரம் வருவதற்கு முன் நிறுத்தித் தட்டிவிடுவோம். இதெல்லாம் எந்த லாக் புக்கிலும் இல்லை. அலாரம் வந்தால்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், புது ரோபோ வந்த பிறகு ஆள் அதிகம் என்று சொல்லி காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். மறு மாதம் ரிஜெக்ஷன் ஏறியது. ரோபோ மேல் பழி போட்டார்கள். ரோபோ மாறவில்லை சார், தட்டிக் கொடுத்த கைகள் போய்விட்டன. அவர்கள் செய்த வேலையை யாரும் எண்ணி வைக்காததால், அப்படி ஒரு வேலை இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பையன்களில் இரண்டு பேர் என் ஊர்க்காரர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அளக்கிறதென்றால் மனிதன் கை எத்தனை முறை பட்டது என்று எழுதுங்கள். அலாரம் வந்ததா இல்லையா என்பது வேண்டாம்.

காட்பாடி ஆய்வு மாணவி

அண்ணா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். ஏரியாக்கில் நழுவும் பாகத்தை எடுத்துக் கொடுக்க மனிதர் இல்லை, அதனால் ரோபோவின் திறன் சுத்தமாகத் தெரிகிறது. ஷாப் ஃப்ளோரில் உங்கள் திறனையும் சேர்த்து ரோபோ பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். மனிதத் தலையீட்டைத் தனியாக எழுதினால்தான் இரண்டும் பிரியும்.

சிப்காட் சாருக்கு ஒரு வழி சொல்கிறேன். உற்பத்தி ஆய்வில் கிரிஸோலூரிஸ் என்ற அறிஞர் முன்வைத்த அளவு ஒன்று உண்டு. வரக் கூடிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு எண் எழுத வேண்டும்: அந்த மாற்றம் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் என்ன செலவு. இரண்டையும் பெருக்கி, எல்லா மாற்றத்துக்கும் கூட்டினால் மாற்றத்துக்காக நாம் கட்டும் அபராதம் வரும். எந்த ஏற்பாட்டுக்கு அபராதம் குறைவோ அதுவே அதிகம் ஈடு கொடுப்பது. வாலாஜா அண்ணன் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. மாற்றமே வராத இடத்தில் வாய்ப்பு பூஜ்யம், அபராதமும் பூஜ்யம், அப்போது எஸ்பிஎம்தான் ஜெயிக்கும். அதே ரோபோவுக்கு உங்கள் யூனிட்டில் ஒரு எண், கார் கம்பெனியில் வேறு எண். கேட்டலாக்கில் அச்சடிக்க முடியாத எண் இது. உங்கள் ஆர்டர் புத்தகத்தை வைத்துத்தான் போட முடியும்.

சிப்காட் வெல்டிங் (ராணிப்பேட்டை)

போட்டுப் பார்த்தோம் தங்கச்சி. போன வருஷ ஆர்டர் புத்தகத்தை எடுத்து எந்த மாதிரி மாற்றம் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று பிரித்தபோது, புது ஜாப் வருவதைவிடப் பழைய ஜாப் திரும்ப வருவதுதான் எங்களிடம் அதிகம். அதைவிடவும் அதிகம், பிளேட் அளவு தப்பி வருவது. முதலாளி டச் சென்சிங் ஆப்ஷனைச் செலவு என்று வெட்டச் சொல்லியிருந்தார். இந்தக் கணக்கைக் காட்டியதும் திரும்பச் சேர்த்துவிட்டார்.

சப்ளையர்களுக்கு இன்று எழுதிவிட்டேன். டெமோவுக்கு எங்கள் ஜாப் இரண்டைக் கொண்டு வருவோம், மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கேப் வேண்டுமென்றே பெரிதாக வைத்த பீஸ்களை நடுவில் கலந்து கொடுப்போம், எது எது என்று சொல்ல மாட்டோம். நடுவில் ஒரு முறை எமர்ஜென்சி ஸ்டாப் அடிப்போம், திரும்ப எங்கிருந்து எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ப்ரோகிராமை எங்கள் ஆபரேட்டர்தான் மாற்றுவார், சப்ளையர் இன்ஜினியர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாம், பெண்டன்ட்டைத் தொடக் கூடாது. எத்தனை முறை கை பட்டது என்று இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர் பீஸ்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார்.

ஆம்பூர் லைன்

ஒரு ஜாபை மட்டும் அனுப்புங்கள். இன்னொன்றை டெமோ அன்று காலையில் வண்டியில் எடுத்துப் போங்கள்.

ரோபோ ஆபரேட்டர் (முகுந்தராயபுரம்)

சார், பெண்டன்ட் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும் என்பதையும் ஆர்டரில் எழுதி வாங்கிவிடுங்கள். பல இடத்தில் ஒரு புள்ளியை ரெண்டு மில்லி நகர்த்தக்கூட சப்ளையர் ஆள் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஆபரேட்டருக்கு டச் அப் பயிற்சி எத்தனை பேருக்கு, எந்த ஷிஃப்ட்டுக்கு என்பதும் அதிலேயே வரட்டும். மூன்று ஷிஃப்ட்டிலும் ஒருவராவது வேண்டும்.

சிப்காட் வெல்டிங் (ராணிப்பேட்டை)

சேர்த்துவிட்டேன் தம்பி. டெமோ முடிந்ததும் இரண்டு தரப்பும் எழுதிய ஷீட்டை இங்கேயே போடுகிறேன். கம்பெனி பெயரை மட்டும் மறைத்துவிடுவேன்.